நண்டுக் கொம்பனிக்குச் சொன்ன பொய்

அந்த மனிதர் மோட்டார் சைக்கிளைப் படலைக்கு வெளியில் நிறுத்தினார். தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, உள்ளே வராமல் நின்றார். நான் முற்றத்தில் பாய் விரித்து பனங்கிழங்கைக் கிழித்து ஒடியலுக்குக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். காகம் விரட்ட ஒரு கையில் ஈர்க்கு. வெயில் ஏறத் தொடங்கிய நேரம். ஒடியலின் கசந்த மணம் முற்றம் முழுக்க நின்றது.

"அம்மா, தர்சிகாவின்ர வீடு இதுதானே?"

"ஓம். நீர் ஆர்?"

"நான் அன்ரன், அம்மா. அல்லைப்பிட்டியில நண்டுக் கொம்பனி இருக்கெல்லோ, அங்கையிருந்து வாறன். தங்கச்சி போன கிழமை நேர்முகத்துக்கு வந்தவ. போனுக்கு அடிச்சு அடிச்சுப் பாத்தம், வேலை செய்யேல்ல. அதுதான் நேர வந்தனான். அவவை எடுத்திருக்கினம். திங்கக்கிழமை வந்து கையெழுத்துப் போடட்டாம்."

சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கடித உறை ஒன்றை எடுத்து நீட்டினார்.

நான் கையை நீட்டவில்லை.

தர்சிகா என் தங்கையின் மகள். தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. சிறு வயதிலிருந்து என்னிடம்தான் வளர்ந்தவள். கொழும்பில் நாலு வருசம் இருந்து உணவுத் தொழில்நுட்பத்தில் பட்டம் எடுத்தவள். அன்று அவள் வீட்டில் இல்லை. வேலணையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போயிருந்தாள். அவளுடைய போன் கிணற்றுத் தொட்டிக்குள் விழுந்து, பட்டணத்தில் திருத்தக் கொடுத்திருந்தது.

அந்த மனிதரில் கடல் மணந்தது. மணந்ததாக நான் நினைத்துக்கொண்டேனோ என்னவோ, இன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை.

"அவவுக்கு அரசாங்க வேலை கிடைச்சிட்டுது," என்றேன். "இனி உங்கை வரமாட்டா."

அவர் முகம் மலர்ந்தது. அதுதான் எனக்கு இன்று வரைக்கும் நெஞ்சில் குத்துகிறது.

"அப்பிடியோ அம்மா! நல்ல சந்தோசம். நல்ல கெட்டிக்காரப் பிள்ளை. வந்த ஆக்களுக்குள்ள அவவைத்தான் முதலாவதாப் போட்டவை. சரி, நான் சொல்லிவிடுறன்."

கடிதத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தார். தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு போனார். விறாந்தையில் இரண்டு கதிரை சும்மா கிடந்தன. இருங்கோ என்று நான் சொல்லவில்லை. தண்ணி குடிக்கிறீரோ என்றும் கேட்கவில்லை. அந்த வெயிலில் அல்லைப்பிட்டியிலிருந்து கடல் தாம்போதி கடந்து எங்கள் இறுப்பிட்டி வரைக்கும் வந்த மனிதர்.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரில் போன கிழமை என் கலியாண வீட்டுக் கதையைப் பாதியில் விட்டிருந்தேன். பந்தல் போட்டபடியே நிற்கட்டும். இந்தக் கிழமை இதைத்தான் எழுதவேண்டும். ஏன் என்பது கடைசியில் தெரியும்.

கலர்ப் புத்தகம்

எல்லாம் ஒரு கலர்ப் புத்தகத்தில் தொடங்கியது.

தர்சிகா உயர்தரச் சோதனையில் நல்லாய்த்தான் செய்தாள். ஆனால் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மயிரிழைப் புள்ளி குறைந்துபோய்விட்டது. அந்த நேரம் பட்டணத்தில் ஒரு பெரிய மண்டபத்தில் கொழும்புத் தனியார் கம்பஸ்காரர் கடை விரித்திருந்தார்கள். நானும் கூடப் போனேன். குளிரூட்டி போட்ட மண்டபம், மேசை மேசையாய்ப் பூச்சாடி. கழுத்தில் ரை கட்டிய பெடியன் ஒருவன் ஒரு புத்தகம் தந்தான். முழுக்க இங்கிலிஸ். முகப்பில் தொப்பி போட்ட பிள்ளை ஒன்று சிரித்துக்கொண்டு நின்றது.

"அன்ரி, படிச்சு முடிய வேலைக்கு நாங்கள் பொறுப்பு," என்றான்.

என்னை ஒருவரும் அதற்கு முதல் அன்ரி என்று கூப்பிட்டதில்லை. அதிலேயே நான் கொஞ்சம் மயங்கிவிட்டேன்.

என் தம்பி குகன் சுவிசில் இருக்கிறான். அவனுக்குப் போன் எடுத்துக் கேட்டோம். "படிக்கட்டும் அக்கா. காசைப் பற்றி யோசியாதேங்கோ. நான் பாக்கிறன்," என்றான். முதல் வருசத்தில் பாதிக்கு அனுப்பினான். பிறகு அவனுக்கு வீட்டுக் கடன், பிறகு கார், பிறகு மகள் பெரியவளான சாமத்திய வீடு. அதே வருசம் எங்கள் கோயில் வாசலுக்கு வளைவு கட்ட அனுப்பினான். வளைவின் அடியில் கறுப்பு மாபிளில் அவன் பெயரும், மனைவி பெயரும், பிள்ளைகள் பெயரும் பொன் எழுத்தில் இருக்கின்றன. தர்சிகாவின் பெயர் இல்லை. இருக்கவேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.

மிச்சப் படிப்புக்கு வங்கிக் கடன். வங்கி கேட்டது ஒன்றே ஒன்று. அரசாங்கச் சம்பளம் எடுக்கும் ஆள் ஒருவர் பிணை நிற்கவேண்டும்.

எங்கள் ஒழுங்கையில் அப்படி இருந்தவர் ஒருவர்தான். கணக்குப் படிப்பிக்கும் சிவலிங்கம் மாஸ்ரர். நான் போய் வாய் திறக்க முதலே அவருக்கு விளங்கிவிட்டது. என்னோடு வங்கிக்கு வந்தார். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும். ஒவ்வொரு பக்கமாய் வாசித்து, இது இது, இப்படி இப்படி என்று எனக்குச் சொல்லிவிட்டுத்தான் பேனையை எடுத்தார்.

"மாஸ்ரர், உங்கட வீட்டில என்ன சொல்லினம்?"

"வீட்டில ஒரு பாட்டம் ஏச்சுக் கேட்டாச்சு அக்கா," என்று சிரித்தார். "பிள்ளை படிக்கட்டும்."

படிப்பு முடிந்து ஒரு வருசம் கழியத்தான் தவணை தொடங்கும் என்று எழுதியிருந்தது. ஒரு வருசம் என்பது எவ்வளவு பெரிய காலம் என்று அன்றைக்கு இருவரும் நினைத்தோம்.

தொப்பி போட்ட பிறகு

பட்டம் எடுத்தாள். தொப்பி போட்டுப் படம் எடுத்தாள். சந்தியில் ஊர்ப் பெடியள் அவள் படத்தைப் பெரிதாய் அடித்துத் தூக்கிக் கட்டிவிட்டார்கள். நான் அந்த வழியால் சங்கக்கடைக்குத் தேவை இல்லாமலும் போய் வந்தேன். பொய் சொல்லக்கூடாது.

பிறகு தொடங்கியது.

கொழும்பில் போன இடமெல்லாம், அனுபவம் இருக்கா என்று கேட்டார்கள். வேலை தந்தால்தானே அனுபவம் வரும்? ஒரு இடத்தில் ஆறு மாதம் சம்பளம் இல்லாமல் நில்லு, பிறகு பார்ப்போம் என்றார்கள். இன்னொரு இடத்தில் சம்பளம் சொன்னார்கள், அது அவள் இருக்கும் அறையின் வாடகைக்கே காணாது. வேலைக்கு நாங்கள் பொறுப்பு என்ற அந்த ரை கட்டிய பெடியனின் நம்பருக்கு அடித்தாள். பாவனையில் இல்லை என்று ஒரு பெண் மூன்று மொழியில் சொன்னாள்.

இன்றைக்கும் அந்தக் கலர்ப் புத்தகம் என் அலுமாரியில் கிடக்கிறது. அடுப்புக்கு வைக்கலாம் என்று எத்தனையோ தரம் எடுத்தேன். வழுவழுப்பான தாள், நெருப்புக்கூட ஒழுங்காய்ப் பிடிக்காது.

வீட்டுக்குத் திரும்பி வந்து பிரதேச செயலகத்தில் பதியப் போனாள். பட்டதாரிகளுக்கு அரசாங்கம் வேலை கொடுக்கும்போது தன்னைப் போலத் தனியாரில் படித்தவர்களை அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை என்று அறிந்துகொண்டு வந்தாள். எனக்கும் வடிவாய்ச் சொன்னாள்.

"பெரியம்மா, எனக்கு அரசாங்க வேலை வராது. சும்மா பாத்துக்கொண்டு இருக்கேலாது."

"வரும் வரும். உனக்கென்ன தெரியும்?"

நாலு வருசம் படித்த பிள்ளையைப் பார்த்து, ஐந்தாம் வகுப்புக்காரி கேட்ட கேள்வி அது.

கடை எரிந்த காலம்

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நியாயம் இல்லாமல் நான் ஒரு நாளும் பிழை விட்டதில்லை.

எங்கள் ஐயாவுக்குத் தெற்கே ஒரு பட்டணத்தில் கடை இருந்தது. எங்கள் தீவில் பாதிப்பேர் அப்படித்தான். வருசத்தில் இரண்டு தரம் வருவார். வரும்போது அவர் பெட்டியைத் திறந்தால் கறுவா மணமும் புதுச் சீலை மணமும் வரும். நான் கலியாணம் செய்து இரண்டு வருசத்தில் ஒரு கலவரம். கடை எரிந்தது. ஐயா உடுத்த வேட்டியோடு வந்து இறங்கினார். படலையைத் திறந்தார். கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் அள்ளித் தலையில் ஊற்றினார். அதற்குப் பிறகு அவர் பெட்டியும் இல்லை, மணமும் இல்லை.

அவருடைய தம்பி, எங்கள் சின்னையா, அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். ஐயாவின் கெட்டித்தனத்தில் கால்வாசியும் அவருக்கு இல்லை. ஆனால் அவருக்கு மாதம் மாதம் வந்தது. ஓய்வு பெற்ற பிறகும் வந்தது. அவர் செத்த பிறகு சின்னம்மாவுக்கும் வந்தது. இடம்பெயர்ந்து மரத்தடியில் இருந்தபோதுகூட, சின்னம்மா வரிசையில் நின்று ஓய்வூதியம் எடுத்து வந்து எங்களுக்கும் சேர்த்து அரிசி வாங்கினா.

அதைக் கண்ணால் பார்த்தவள் நான். கடை எரியும், கச்சேரிச் சம்பளம் எரியாது என்று என் எலும்புக்குள் ஏறிவிட்டது.

இது என் நியாயம். இதில் பாதிதான் உண்மை. மற்றப் பாதி என்னவென்றால், வயல் காணி உள்ள குடும்பத்துப் பிள்ளை நண்டு தூக்கும் இடத்துக்கு வேலைக்குப் போவதா என்ற எண்ணம். எங்கள் தீவில் இருப்பவர்களுக்கு நான் இதற்குமேல் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு விளக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒரு சீப்புக் கதலி

அன்ரனுக்கு நான் சொன்னது வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பரமேசின் காதில் விழுந்துவிட்டது. பரமேஸ் பக்கத்து வளவுக்காரி. நல்ல மனுசிதான், ஆனால் அவளுக்கு ஒரு விசயம் தெரிந்தால் ஊருக்கு மின்சாரம் வந்த மாதிரி.

பின்னேரம் ஒரு சீப்புக் கதலிப் பழத்தோடு வந்தாள்.

"அக்கா, பிள்ளைக்குக் கிடைச்சிட்டுதாமே! ஒரு சொல்லுச் சொன்னியளோ?"

அப்போது சொல்லியிருக்கலாம். இல்லையடி, சும்மா அவரை அனுப்பிறதுக்காகச் சொன்னனான் என்று. ஒரு நிமிச வேலை.

"கடிதம் இன்னும் கைக்கு வரேல்ல. வரட்டும் எண்டு இருந்தனான்," என்றேன்.

பழத்தை வாங்கி வைத்தேன். நல்ல பழம். நானும் தர்சிகாவும்தான் சாப்பிட்டோம். ஆர் தந்தது என்று அவள் கேட்டாள். பரமேஸ் வீட்டில் குலை வெட்டினவையாம் என்றேன். ஒரு பொய்க்கு எத்தனை கால் வேண்டியிருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்த கிழமை அவள் கேட்டாள்.

"பெரியம்மா, நான் இல்லாத நேரம் என்னைத் தேடி ஆரும் வந்தவையோ?"

"இல்லையே. ஆர் வரப்போகினம்?"

"ஒண்டும் இல்லை. எடுத்தால் ஒரு கிழமைக்குள்ள சொல்லுவம் எண்டவை. அப்ப எடுக்கேல்லைப் போல."

நேர்முகத்துக்குப் போனதையே அவள் எனக்கு மறைத்துத்தான் போயிருந்தாள். ஆகையால் எங்கே என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கிணற்றடிக்குப் போனாள். துலாக்கயிறு அசையவில்லை, தண்ணீர்ச் சத்தம் இல்லை. கன நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

நான் குசினிக்குள் நின்று தேங்காய் துருவினேன்.

கோயிலில் ஒருத்தி அவளிடம் எப்ப பிள்ளை பதவியேற்கிறாய் என்று கேட்டிருக்கிறாள். வந்து என்னிடம் சொன்னாள். "உதுகளுக்கு விசர். பட்டம் எண்டால் அரசாங்க வேலை எண்டு நினைக்கிற சனம்," என்றேன். அவள் நம்பினாள். என்னை நம்பாமல் வேறு ஆரை நம்புவாள்?

மாஸ்ரர் வந்த பின்னேரம்

சம்பள நாள் கழிந்து இரண்டு நாளில் சிவலிங்கம் மாஸ்ரர் வந்தார். படலையைத் திறந்த சத்தத்திலேயே ஏதோ பிழை என்று தெரிந்தது. வழமையாய் அவர் படலையைத் தூக்கி மெல்லச் சாத்துகிற மனிதர்.

"இருங்கோ மாஸ்ரர்."

"இருக்க வரேல்ல அக்கா."

கையில் ஒரு சின்னத் தாள். சம்பளத் துண்டு.

"மூண்டு மாசமா என்ர சம்பளத்தில வெட்டுறாங்கள். உங்கட கடன் தவணைக்கு. நான் வாய் திறந்தனானோ? பிள்ளைக்கு வேலை இல்லை, பாவம், கிடைச்சோடனை கட்டுவாள் எண்டு பொறுத்தனான். வீட்டில தினம் தினம் சண்டை. என்ர மகளின்ர பள்ளிக்கூட வானுக்குக் குடுக்க இல்லாமல் சைக்கிளில ஏத்திக்கொண்டு போறன். இப்ப பிள்ளைக்கு அரசாங்க வேலை கிடைச்சிட்டுதாம். ஊர் முழுக்கத் தெரியும். எனக்கு ஒரு சொல்லுச் சொல்ல உங்களுக்கு வாய் வரேல்ல என்ன?"

வங்கிக் கடிதங்கள் வந்தது எங்களுக்குத் தெரியும். வட்டி ஏறுகிறது, நினைவூட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தோம். மாஸ்ரரின் சம்பளத்தில் கை வைத்தது எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

தர்சிகா குசினி வாசலில் வந்து நின்றாள்.

"ஆருக்கு மாஸ்ரர் வேலை?"

"உமக்குத்தான் பிள்ளை."

"எனக்கோ?"

"பின்னை ஆருக்கு? நேற்று வேலணைச் சந்தியில நண்டுக் கொம்பனி அன்ரனைக் கண்டனான். அவனே சொன்னான். உம்மை வேலைக்குக் கூப்பிட வந்தவனாம். அவவுக்கு அரசாங்க வேலை எண்டு உம்மட பெரியம்மா சொல்லி அனுப்பினவவாம்."

வேலிக்கு அந்தப் பக்கம் பரமேஸ் தும்புத்தடியால் கூட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டது.

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஒடியல் பாயைப் பார்த்தேன்.

"பெரியம்மா. வந்தவரோ?"

"ஓம்."

"எப்ப?"

"உன்ர போன் திருத்தக் குடுத்த கிழமை."

மாஸ்ரருக்கு விளங்கிவிட்டது. கோபம் முழுக்க முகத்திலிருந்து வடிந்து, அந்த இடத்தில் என்னைப் பார்த்து ஒரு இரக்கம் வந்தது. அந்த இரக்கத்துக்கு அவர் என்னை அடித்திருக்கலாம். "நான் பேந்து வாறன்," என்று வெளிக்கிட்டார். படலையை மெல்லத் தூக்கிச் சாத்தினார்.

அதற்குப் பிறகு அவள் கத்தினாள். இருபது வருசத்தில் என் முன்னால் குரல் உயர்த்தாத பிள்ளை.

"நண்டு மணக்கும் எண்டோ? சனிக்கிழமையில முருங்கையிலை போட்டுக் குழம்பு வைச்சுச் சட்டி வழிச்சுத் தின்னுறம். அது மணக்கேல்லையோ? அந்த வேலைக்கு எத்தினை பேர் வந்தவை எண்டு தெரியுமோ? நான் படிச்ச படிப்புக்கு இந்தத் தீவுகளிலேயே உள்ள ஒரே ஒரு வேலை அது. ஒண்டே ஒண்டு! அதை நீங்கள் படலையில வைச்சுத் திருப்பி அனுப்பிப்போட்டியள். மாஸ்ரர் பிள்ளையைச் சைக்கிளில ஏத்திக்கொண்டு போறார்!"

நான் வாய் திறக்கப் பார்த்தேன். "உன்ர நல்லதுக்கு..."

"சொல்லாதேங்கோ! அதை மட்டும் சொல்லாதேங்கோ!"

அடுத்த நாள் காலை அவள் சொன்னது ஒன்றுதான். "நீங்கள் போய் அவையளிட்டைச் சொல்லுங்கோ. நான் போனால் நான் பொய் சொன்ன மாதிரி இருக்கும்."

கதிரை

பஸ்ஸில் ஏறினேன். தாம்போதியின் இரண்டு பக்கமும் கடல் ஆழமில்லாமல், இறால் கூடுகளோடு பளபளத்துக் கிடந்தது. வேலணை கழிந்தது. சாட்டிக் கடற்கரைக்குக் குளிக்கப் போகும் பெடியள் பாட்டுப் போட்டுக்கொண்டு முந்திப் போனார்கள். எனக்கு எல்லாரிலும் கோபம். அந்தப் பெடியளிலும் கோபம்.

அல்லைப்பிட்டிக் கோயில் கோபுரச் சிலுவை தெரிந்தபோது ஒன்று நினைவு வந்தது. நினைக்கக்கூடாது என்று வைத்திருந்த ஒன்று.

போரில் தீவை விட்டு எல்லோரும் ஓடிய அன்று எங்களை ஏற்றியது இந்தக் கரைக்காரரின் வள்ளம். என் தங்கை, தர்சிகாவின் தாய், பயத்தில் இரண்டு நாளாய் ஒன்றும் தின்னவில்லை. வள்ளக்காரரின் மனைவி அவித்த நண்டை உடைத்து, சதையை எடுத்து, தன் கையால் அவள் வாயில் வைத்தா. அவள் தின்றாள். நானும் தின்றேன். காசு கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, நாங்கள் ஆர் என்று கேட்கவில்லை. பிறகு அந்தப் போரில் அந்த ஊர் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். நான் ஒரு தரம்கூட அந்த மனுசியைத் தேடிப் போகவில்லை. பெயரும் கேட்டுவைக்கவில்லை.

கொம்பனி வாசலில் வெள்ளை இறப்பர்ச் சப்பாத்தும் தலைக்கு வலைத் தொப்பியும் போட்ட பெண்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே அவித்த நண்டின் ஆவி. காவலாளி உள்ளே சொல்லி அன்ரன் வந்தார். என்னை அடையாளம் கண்டார். ஒன்றும் கேட்க முதல், ஒரு பிளாஸ்ரிக் கதிரையைத் தூக்கி வந்து, கையால் ஒரு தரம் துடைத்து வைத்தார்.

"இருங்கோ அம்மா. வெயிலுக்கால வந்திருக்கிறியள்."

நான் இருக்கவில்லை. இருக்க ஏலவில்லை.

"தம்பி, நான் அண்டைக்குச் சொன்னது பொய். பிள்ளைக்கு ஒரு வேலையும் கிடைக்கேல்ல. நீர் வந்தது அவளுக்கே தெரியாது."

தேத்தண்ணிக் கோப்பைகள் நின்றன. ஒருத்தி மற்றவளிடம், "இவதானாம் அந்த அரசாங்க வேலை," என்றாள். இன்னொருத்தி சிரித்தாள். எனக்கு அவளை அறையவேண்டும் போல இருந்தது. அறைவதற்கு எனக்கு என்ன உரிமை?

அன்ரன் அவர்களைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அம்மா, அந்த இடத்துக்கு ஆள் எடுத்தாச்சு. ஊர்காவற்றுறைப் பிள்ளை ஒண்டு. வந்து ரெண்டு கிழமை. அவவை எழுப்பேலாது தானே."

"வேறை?"

அவர் உள்ளே போய்க் கேட்டுக்கொண்டு வந்தார்.

"ஒண்டு இருக்கு. ஆனால் பட்டம் படிச்ச ஆள் செய்யிற வேலை இல்லை. உங்கட இறுப்பிட்டிக் கரையில நாங்கள் நண்டு வாங்குறம். விடிய அஞ்சு மணிக்கு வள்ளம் வந்தோடனை நிண்டு, உயிரோட உள்ளது, செத்தது, பழுது எண்டு பிரிச்சு நிறுத்து எழுதோணும். நாள் சம்பளம். தங்கச்சி வருவாவோ?"

எங்கள் ஊர்க் கரையிலேயே. எங்கள் ஊர்ச் சனத்தின் கண்ணுக்கு முன்னால். அல்லைப்பிட்டிக் கொம்பனிக்குள் என்றால் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டுப் போட்டு இருந்திருப்பாள். அதைக் கெடுத்தது நான்.

"வருவாள்," என்றேன்.

எந்தத் திணைக்களம்?

போனாள். விடிய எழும்பி, பாவாடையைத் தூக்கிச் செருகி, சைக்கிளில் கரைக்குப் போனாள். முதல் கிழமை கை முழுக்க நண்டு கடித்த காயம். மஞ்சள் குழைத்து வைத்தேன். கையைத் தந்தாள், முகத்தைத் தரவில்லை.

குகன் சுவிசிலிருந்து எடுத்தான்.

"அக்கா, என்ன இது? கரையில நிண்டு நண்டு பொறுக்கிறாளாம். எங்கட ஆக்கள் இங்கை கேட்டுச் சிரிக்கினம். நிப்பாட்டச் சொல்லுங்கோ. நான் காசு அனுப்புறன்."

"எப்ப அனுப்புறாய்?"

"திருவிழாச் செலவு முடியட்டும் அக்கா."

"அப்ப ஒண்டு செய்யிறன். உன்ர பேர் வெட்டின மாபிளைக் கழட்டிக்கொண்டு போய் வங்கியில குடுக்கிறன். பொன் எழுத்தெல்லோ, ஒரு தவணைக்கு எடுப்பினம்."

அதற்குப் பிறகு அவன் எடுக்கவில்லை. எடுக்காமல் இருப்பது நல்லது.

தர்சிகா முதல் மாதம் சேர்ந்த சம்பளத்தில் வங்கித் தவணையைத் தானே கட்டினாள். மாஸ்ரரின் சம்பளத்தில் வெட்டுவது நின்றது. வெட்டியதைக் கொஞ்சம் கொஞ்சமாய்த் திருப்பிக் கொடுக்கிறாள். மாஸ்ரர் வேண்டாம் என்றார். அவர் மனைவி பின்னால் நின்று வாங்கிக்கொண்டா. அவ செய்தது சரி.

கரையிலும் அவள் சும்மா நிற்கவில்லை. வள்ளங்களில் நண்டு ஏன் இவ்வளவு சாகிறது என்று பார்த்து, பெட்டிகளை ஈரச்சாக்கால் மூடச் சொன்னாளாம். முதலில் கடல் தொழிலாளர்கள் சிரித்தார்கள். இப்போது சாக்கு இல்லாமல் ஒரு பெட்டியும் இறங்குவதில்லை என்று அன்ரன் பஸ்ஸில் கண்டபோது சொன்னார். நயினாதீவுக் கரையையும் அவளிடமே கொடுக்க யோசிக்கிறார்களாம். அவள் எனக்குச் சொல்லவில்லை.

எங்கள் ஊர்ச் சனத்துக்கு மட்டும் வாய் ஓயவில்லை. நான் கட்டிவிட்ட கதை அல்லவா? தினமும் விடியக் கரையில் ஒருவர் கேட்பார்.

"எந்தத் திணைக்களம் பிள்ளை இது? நண்டுத் திணைக்களமோ?"

"ஓய்வூதியம் காசாவோ, நண்டுக் காலாவோ?"

ஒரு நாள் அவள் வந்து சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, விறாந்தையில் நின்றபடி சொன்னாள்.

"அங்கை கொம்பனி வாசலில சொன்னது காணாது பெரியம்மா. நீங்கள் பொய்யை ஊருக்குச் சொன்னனீங்கள். ஊருக்கே உண்மையையும் சொல்லுங்கோ."

"வீடு வீடாப் போகவோ?"

"ஏன் போகோணும்? ஒவ்வொரு கிழமையும் என்ர தொடர், என்ர தொடர் எண்டு பெருமை அடிக்கிறியள். சந்திக் கடையில வைச்சு எல்லாரும் வாசிக்கினம். அதில எழுதுங்கோ. கலியாண வீட்டுப் பந்தலை விட்டிட்டு இதை எழுதுங்கோ."

மூன்று கிழமை நான் இதை எழுதவில்லை. பந்தல் கதையையே நீட்டினேன், பலகாரச் சட்டியைப் பற்றி ஒரு கிழமை முழுக்க எழுதினேன். வாசித்தவர்களுக்கு அலுத்திருக்கும். அவளுக்கு விளங்கியிருக்கும். அந்த மூன்று கிழமையும் அவள் என்னோடு பேசியது, "போறன்", "வந்திட்டன்" என்ற இரண்டு சொல்தான்.

பரமேஸ், நீ தந்த கதலியைச் சாப்பிட்டுவிட்டோம். அதற்குரிய வேலை என்றைக்கும் இருந்ததில்லை. கோயிலில் கேட்டவளுக்கும், கரையில் நின்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன். இனிக் கேட்பதென்றால் என்னிடம் வந்து கேளுங்கள். பொய் சொன்னவள் நான். அவள் வேலை செய்கிறவள்.

ஒவ்வொரு கிழமையும் நான் கொப்பியில் எழுதுவதை அவள்தான் போனில் படம் எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்புகிறாள். எனக்கு அது செய்யத் தெரியாது. பேச்சு இல்லாத கிழமைகளிலும் மேசையில் வைத்தால் எடுத்து அனுப்பிவிடுவாள். ஒரு எழுத்தையும் வாசிப்பதாய்க் காட்டிக்கொள்ள மாட்டாள்.

இதை எழுதி முடித்து மேசையில் வைக்கிறேன். விடிய அவள் கரைக்குப் போகமுதல் கண்ணில் படும். கதிரை கொடுக்காததையும், வள்ளத்தில் நண்டு தின்றதையும் அவள் எழுதச் சொல்லவில்லை. நான்தான் எழுதினேன். அனுப்புவாளோ, இது காணாது என்று கிழித்துவிடுவாளோ, தெரியாது.

நீங்கள் இதை வாசிக்கிறீர்கள் என்றால், அவள் அனுப்பியிருக்கிறாள்.